சந்தக்பூவா, பலூட்டா: எங்கே தங்கலாம்?

டார்ஜிலிங் பக்கம் இந்திய-நேபாள எல்லையிலுள்ள சிங்கலீலா மலைமுகட்டில் நடப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். 3,636 மீட்டர் உயரச் சந்தக்பூவில் விடுதிகள் பல. நடை தொடங்கும் ஊரான மானேபஞ்சனிலிருந்து ஜீப்பே ஏறி வந்துவிடும். கால் வலித்தால் இறங்க வழியுண்டு. எவரெஸ்ட், லோட்சே, மகாலு, கஞ்சன்ஜங்கா எல்லாம் ஒரே வரிசையில் தெரியும். கூடவே கூட்டமும் (விடியற்காலையில் செல்ஃபி எடுக்க முண்டியடிப்பார்கள்).

பலூட் அங்கிருந்து 21 கிலோமீட்டர் நடை. மேற்கு வங்கமும் சிக்கிமும் நேபாளமும் சந்திக்கும் மூலை. ஊர் கிடையாது, தங்க இடம் கொஞ்சம்தான். காற்று இரவெல்லாம் தகரக் கூரையைத் தட்டும். கம்பளி இரண்டு போர்த்தினாலும் மூக்கு நுனி சில்லிடும். சாப்பாடு பெரும்பாலும் சோறும் பருப்பும். ஆனால் கஞ்சன்ஜங்கா இன்னும் கிட்டத்தில் நிற்கும், பார்க்க ஆளும் குறைவு.

ஒரே ஓர் இரவு என்றால் என் ஓட்டு பலூட்டுக்குத்தான். குழந்தைகளோடு போனால் சந்தக்பூவே போதும்.