டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்: ‘முதல் ஆசிட் ஹவுஸ்’ பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டால்

1982-இல் மும்பையில் பதிவாகி எச்எம்வி வெளியிட்ட, சரண்ஜித் சிங்கின் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற எல்பியைப் பற்றி எதைப் படித்தாலும் முதல் வரியிலேயே ‘உலகின் முதல் ஆசிட் ஹவுஸ்’ (1980-களில் சிகாகோவில் பிறந்த மின்னணு நடன இசை) வந்துவிடுகிறது. இதில் பத்து ராகங்கள் இருக்கின்றன, அவற்றில் எது பிழைத்தது, எது அடிபட்டது என்ற பேச்சு மட்டும் வருவதில்லை. சண்முகானந்தா சபாவில் கச்சேரி கேட்டுப் பழகிய மும்பைத் தமிழர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சிங் இந்திப் படப் பாடல்களுக்கு பேஸ் கிடாரும் சிந்தசைசரும் வாசித்தவர். டிஸ்கோ கொடிகட்டிப் பறந்த நேரம் அது. தபலாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிஸ்கோ தாளத்தை வைத்தார். கருவிகள் மூன்றே: தாளத்துக்கு ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின், கீழ் ஸ்வரங்களுக்கு டிபி-303 பேஸ் சிந்தசைசர், ராகத்துக்கு ஜுபிடர்-8 சிந்தசைசர். மூன்றும் அப்போது புத்தம் புதியவை. பாட்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நிமிடம். 808 ஓட ஆரம்பித்தால் வேகம் கூடாது, குறையாது. விளம்ப காலத்துக்கு இடமே இல்லை.

இந்துஸ்தானிப் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம், பெரும்பாலானவற்றுக்குக் கர்நாடக இசையில் ஜோடி உண்டு. பூபாலி நம் மோகனம், மால்கௌன்ஸ் ஹிந்தோளம், யமன் கல்யாணி, கலாவதி வலஜி, பைராகி ரேவதி. மேக் மல்ஹார் மத்தியமாவதிக்கு நெருக்கம், மதுவந்தி தர்மவதிக்கு. இரண்டு இடத்தில் பெயர் ஏமாற்றும்: அவர்களுடைய தோடி நம் சுபபந்துவராளியின் ஸ்வரங்கள், நம் தோடியின் ஸ்வரங்களை அவர்கள் பைரவி என்கிறார்கள். லலித்துக்கு நம்மிடம் நேர் ஜோடி கிடையாது. பஞ்சமம் இல்லாமல் இரண்டு மத்தியமமும் அடுத்தடுத்து வரும் ராகம் அது. பெயர் ஒத்திருந்தாலும் நம் லலிதா வேறு.

சோதனை சுருதியில் இருக்கிறது. ஜுபிடர்-8 பியானோ போலச் சமமாக வெட்டிய பன்னிரண்டு ஸ்வரங்களில் நிற்கும். தம்புராவோடு சேரும் அந்தர காந்தாரத்தைவிட அதன் காந்தாரம் சுமார் 14 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தூக்கல். ஹிந்தோளத்தில் தலைகீழ்: காந்தாரம் 16 சென்ட்டும் தைவதம் 14 சென்ட்டும் இறங்கியிருக்கும். விரைவாக ஓடும்போது காது இதை விட்டுவிடும். நின்று நீளும் ஸ்வரத்தில்தான் உறுத்தும்.

அதனால்தான் பூபாலி, கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி நான்கும் இந்தத் தட்டில் ஜெயிக்கின்றன. ஐந்து ஸ்வரங்கள், நடுவில் தாராளமான இடைவெளி, துள்ளி ஓடினாலும் முகம் மாறாத ராகங்கள். தோடி தோற்கிறது. அதன் ரிஷபமும் காந்தாரமும் அசைவில் உயிர் வாழ்பவை. கட்டையில் வைத்து அழுத்தினால் ஸ்வரம் வரும், ராகம் வராது. லலித்தை அவர் தொட்டதே துணிச்சல். இரண்டு மத்தியமமும் இயந்திரத்தில் துல்லியமாகப் பிரிந்து கேட்கும். ஒன்று மற்றதில் கரையும் அந்த மயக்கம் கிடைக்காது.

303-ஐயும் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். அதில் ஒரு பேட்டர்னுக்கு அதிகபட்சம் 16 ஸ்டெப். எண்ணிக்கைக்கு நான்கு ஸ்டெப்பாக வைத்தால் இரண்டு சுற்றில் எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு ஆதி தாள ஆவர்த்தனம் முடியும். ஸ்வரங்களை ஒரு முறையும் கால அளவை இன்னொரு முறையுமாகத் தனித்தனியே பதிய வேண்டும். ஒன்று தப்பினால் பின்னால் வருவதெல்லாம் இடம் பெயரும். ‘ஸ்லைட்’ போட்டால் ஸ்வரம் வழுக்கும்தான். ஆனால் எங்கும் ஒரே நேர அளவில் வழுக்கல். அதை ஜாரு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் கமகம்) என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வழுக்கலை இவ்வளவு ஆரம்பத்திலேயே ராகத்தின் பக்கம் திருப்பியதற்காக சிங்கைக் கும்பிடலாம்.

வெளியான காலத்தில் தட்டு கவனிப்பாரின்றிக் கிடந்தது. 2002-இல் எடோ பௌமன் என்ற டச்சு சேகரிப்பாளர் டெல்லியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்து, 2010-இல் தன் பாம்பே கனெக்‌ஷன் லேபிள் மூலம் மறுவெளியீடு செய்தார். அதன் பிறகு மேற்கத்திய விமர்சகர்கள் வியந்தார்கள். சிலர் நம்பவே இல்லை. இது ரிச்சர்ட் டி. ஜேம்ஸின் (ஏஃபெக்ஸ் ட்வின்) குறும்பாக இருக்கும் என்றுகூடச் சந்தேகித்தார்கள். 2011-இல் கார்டியன் நாளிதழ், சிங்கை ‘தற்செயலாக ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர்’ என்று எழுதியது.

சிகாகோவின் ஃப்யூச்சர் குழு ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டது 1987-இல். தேதிப்படி சிங் முந்தியவர்தான். ஆனால் ஆசிட்டில் பேட்டர்ன் அப்படியே இருக்க, 303-இன் ஒலியின் கூர்மையை மாற்றும் கட்ஆஃப், ரெசொனன்ஸ் குமிழ்களைத் திருகுவதுதான் இசை. இங்கே குமிழ் துணை, ராகம் பிரதானம். இந்தத் தட்டைக் கேட்டு சிகாகோக்காரர்கள் கற்றார்கள் என்பதற்கும் ஆதாரமில்லை. கருவி ஒன்று, வித்தை வேறு. 2015-இல் மறைவதற்கு முன் ஐரோப்பிய மேடைகளில் இதை நேரில் வாசிக்கும் வாய்ப்பு சிங்குக்குக் கிடைத்தது. அந்தப் பட்டத்தால் விளைந்த நல்லது அது.

கேட்பவர்களுக்கு: ஃபோன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், 808-இன் கிக்கும் 303-இன் அடியும் காணாமல் போகும். பூபாலியில் தொடங்கி மால்கௌன்ஸுக்குப் போங்கள், லலித்தைக் கடைசியில் வையுங்கள். பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் அலுக்கும்.

மும்பையின் சோர் பஜாரில் பழைய பிரதி கண்ணில் பட்டால் பாட்டு வரிசையைப் பாருங்கள். பக்கத்துக்கு ஐந்து பாட்டு, சுமார் 25 நிமிடம். அவ்வளவு நேரத்தை ஒரு பக்கத்தில் அடைத்தால் பள்ளங்கள் நெருங்கும், சத்தமும் பேஸும் குறையும், பொரிச்சல் கூடுதலாகக் கேட்கும். டார்ச் ஒளியைச் சாய்த்துப் பிடித்துக் கீறல் பாருங்கள். மழைக்காலப் பூஞ்சையைக் காய்ச்சி வடித்த நீரில் துடைக்கலாம், வளைந்த தட்டை வீட்டில் சரிசெய்வது கடினம். மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்கடியில் ஓடும் தூரம் குறைவதால் ஒலி கரகரக்கும். பக்கத்தின் கடைசிப் பாட்டுகளான மதுவந்தியும் பைராகியும் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. ரேவதிப் பிரியர்கள் பைராகியை டிஜிட்டலிலேயே கேட்டுவிடுங்கள்.