லிமிட் போக்கர்ல நடுத்தர கை: ஃபோல்டா, காலா, ரெய்ஸா?

லிமிட் ஹோல்டெம்னா பெட் அளவு முன்கூட்டியே நிர்ணயிச்ச போக்கர், ஆளுக்கு ரெண்டு மூடின கார்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு கார்டு. ஃபோல்ட்னா கையை விடுறது, கால்னா எதிராளி பெட்டுக்கு சமமா போடுறது, ரெய்ஸ்னா அதைக் கூட்டுறது. இதுல மோசமான கை யாரையும் குழப்பாது, தூக்கிப் போட்டுட்டு அடுத்த கைக்குப் போயிடலாம். படுத்தி எடுக்கிறது மிடில் பேர் (போர்டுல, அதாவது பொதுக் கார்டுகள்ல, நடு மதிப்புள்ளதோட சேர்ற ஜோடி) மாதிரி கைதான், விடவும் மனசு வராது, நம்பவும் முடியாது.

ஒரு கையை எடுத்துக்குவோம். பட்டன்ல (ஃப்ளாப்லேருந்து கடைசியா பேசுற சீட்) இருக்கவர் ரெய்ஸ் பண்றார், ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட், பிக் பிளைண்ட்ல (பிளைண்ட்னா கார்டு பாக்கும் முன்னாடியே கட்டாயமா காசு போடுற ரெண்டு சீட்) நீங்க கிளாவர் 9, கிளாவர் 8 வச்சு கால் போடுறீங்க. ஃப்ளாப்ல (முதல் மூணு பொதுக் கார்டு) ஹார்ட்டின் கிங், டைமன் 9, ஹார்ட்டின் 4. அவர் பெட், பாட் (நடுவுல சேர்ந்திருக்கிற காசு) 5.5க்கு 1 தருது, அதனால கால், இதுல பெருசா யோசிக்க ஒண்ணுமில்ல. டர்ன்ல (நாலாவது பொதுக் கார்டு) ஸ்பேடு 2, மறுபடி பெட், பெட் சைஸும் இப்ப டபுள் ஆயிடுச்சு. பாட்ல 4.25 பிக் பெட் (இந்த டபுள் சைஸ் பெட்) இருக்கு, நீங்க 1 போடணும்.

முதல்ல ஃபோல்ட். எதிராளி ரொம்ப அடக்கி ஆடுறவர், டர்ன்ல பெட் வந்தா கிங் இருக்குன்னு அர்த்தம்னா, உங்களைக் காப்பாத்த மிச்சம் 5 கார்டுதான் (இதைத்தான் அவுட்ஸ்னு சொல்வாங்க), ரெண்டு 9, மூணு 8. தெரியாத 46 கார்டுல 5ன்னா வாய்ப்பு 8.2க்கு 1 (8.2 தடவை தோத்தா 1 தடவை ஜெயிப்பு). 4.25க்கு ஆசைப்பட்டு இதை வாங்கக் கூடாது, இவர்கிட்ட டர்ன்லயே விட்டுடுங்க.

கால்னா கடைசி வரைக்கும் கால்னு வச்சுக்கங்க. டர்ன்ல 1, ரிவர்ல (அஞ்சாவது, கடைசி பொதுக் கார்டு) 1, மொத்தம் 2 போட்டு 5.25 ஜெயிக்கப் பாக்குறீங்க, 28 சதவீதம் ஜெயிச்சா போதும். ஏஸ் ஹை (ஜோடி இல்லாம ஏஸ் மட்டும்), ஃப்ளஷ் டிரா (ஒரே சின்னத்துல அஞ்சு சேர இன்னும் ஒரு கார்டு வேண்டிய கை) எல்லாத்தையும் மூணு ரவுண்டும் விடாம பெட் பண்ற ஆளுன்னா இது தாராளமா வரும்.

பலரும் செய்றது இது ரெண்டும் இல்லாத ஒண்ணு, ஃப்ளாப் கால், டர்ன் கால், ரிவர்ல ஒண்ணுத்துக்கும் உதவாத கார்டு வந்ததும் அவர் பெட் பண்ணா ஃபோல்ட். எனக்கு இதைப் பாத்தா உண்மையாவே வலிக்கும். ரிவர்ல 6.25 இருக்கிற பாட்டுக்கு 1 போட்டா போதும், 14 சதவீதம் ஜெயிச்சாலே கணக்கு சரி. தப்பா கால் போட்டா போறது 1 பெட், தப்பா ஃபோல்ட் பண்ணா போறது 6.25. நோ லிமிட்ல (பெட் அளவுக்கு வரம்பில்லாத ஆட்டம்) பாட் அளவுக்கு பெட் வந்தா 33 சதவீதம் வேணும், அங்க பழகின ஃபோல்டை இங்க கொண்டு வந்தா காசு கசியும். எதிராளி பக்கத்துல இருந்து பாத்தாலும் அதேதான், ரிவருக்கு வர்ற உங்க கைகள்ல 16 சதவீதத்துக்கு மேல நீங்க விட்டுக் கொடுத்தா அவர் கையில எந்தக் குப்பை இருந்தாலும் பிளஃப் (நல்ல கை மாதிரி காட்டிப் போடுற பெட்) லாபம்.

ரெய்ஸ் பத்தி கொஞ்சம்தான் சொல்ல இருக்கு. பொசிஷன் உங்க பக்கம்னா (அதாவது நீங்க கடைசியா பேசுறவர்னா) டர்ன்ல ரெய்ஸ் போட்டு ரிவர்ல பெட் போடாம சும்மா செக் பண்ணிடலாம், செலவு அதே 2 பெட், டிரா வச்சிருக்கவரும் கூடுதலா காசு கட்டுவார். ஆனா இந்தக் கையில நீங்க முதல்ல பேசணும், செக் ரெய்ஸ் (முதல்ல செக் பண்ணி, அவர் பெட் போட்டதும் ரெய்ஸ்) போட்டு அவர் கால் போட்டா ரிவர்ல மறுபடி இதே தலைவலி, திருப்பி ரெய்ஸ் போட்டாருன்னா 5 அவுட்ஸோட வாய்ப்பையும் விட்டுட்டு எந்திரிக்கணும், அதனால இங்க என் ஓட்டு காலுக்குத்தான். இதுதான் ஒரே விடைன்னும் இல்ல. 2015ல ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் ஆடுற லிமிட் ஹோல்டெமை நடைமுறைல தீர்த்துட்டோம்னு வெளியிட்ட செஃபியஸ் புரோகிராமே பல இடத்துல ஒரே கையை சில தடவை கால், சில தடவை ரெய்ஸ்னு கலந்துதான் ஆடும்.

இதெல்லாம் ஒத்தைக்கு ஒத்தை ஆடும்போது. மூணு நாலு பேர் ஃப்ளாப் பாத்து, ஒருத்தர் பெட், இன்னொருத்தர் ரெய்ஸ்னு உங்ககிட்ட வரும்போதே ரெண்டு பெட்டா வந்தா, இதே 9 ஜோடியை யோசிக்காம கீழ வைங்க.