ஜெயநகர் பக்கம் எடுத்த கார்டியாக் எம்ஆர்ஐ: ஐந்துக்கு நாலு

மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போது 11 வயது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்குப் போகும் குறுகலான பாதையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் இந்த ஆபரேஷன் ஆன பலருக்குப் பிற்காலத்தில் அந்த இடத்து வால்வு கசியும், பின்னால் திரும்பி வரும் ரத்தத்தையும் சேர்த்துச் சுமந்து வலது கீழறை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட்தான் எப்போதும் முதல் பரிசோதனை. ஆனால் வலது கீழறை மார்பெலும்புக்கு நேர் பின்னால் ஒழுங்கில்லாத வடிவத்தில் இருப்பதால், பிள்ளை வளர வளர எக்கோவில் அதைச் சரியாக அளக்க முடிவதில்லை. சிடி ஸ்கேன் சட்டென்று முடிந்துவிடும், ஆனால் கதிர்வீச்சு உண்டு. ஆயுசு முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய குழந்தைக்கு எம்ஆர்ஐயில் அது இல்லை என்பதே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

பெங்களூரு ஜெயநகர் பக்கம் ஒரு தனியார் சென்டரில் எடுத்தோம், 1.5 டெஸ்லா காந்த சக்தி உள்ள மெஷின். மெஷினை விட ஆட்கள்தான் முக்கியம் என்று இங்கே தெரிந்தது. குழந்தைகளின் இதய ஸ்கேன் பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் கடைசி வரை கன்சோல் பக்கத்திலேயே இருந்து, எந்த ரத்தக்குழாயை எந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டெக்னீஷியன் கிருஷ்ணகிரிக்காரர், நாங்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். உள்ளே அனுப்பும் முன்பே வெளியே உட்கார வைத்து, "பாப்பா, மூச்சை இழு... விடு... இப்ப அப்படியே நிறுத்திக்கோ" என்று பழக்கினார். மூச்சை இழுத்து நிறுத்தினால் ஒவ்வொரு தடவையும் இழுக்கும் அளவு மாறும், வெளியே விட்டு நிறுத்தினால் இதயம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும் என்று அவளுக்கே புரிகிற மாதிரி சொன்னார். அதனால் மயக்க மருந்து இல்லாமலே முடிந்தது. சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டியிருக்கும், அப்படியானால் குழந்தைகளுக்கான மயக்க மருந்து டாக்டர் அன்றைக்கு இருப்பாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கூட ஒருவரை உள்ளே விடுகிறார்கள். அம்மாக்கள் புடவையில் போகாதீர்கள், என் சேஃப்டி பின்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கவே நேரமானது. ஆபரேஷனில் மார்பெலும்பைக் கட்டிய கம்பிகளைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன். அதனால் ஆபத்தில்லை, படத்தில் அந்த இடம் மட்டும் கொஞ்சம் கறுப்பாக விழும் என்றார்கள்.

ஒரு ஸ்டார் குறைத்தது முன்பதிவு செய்கிற இடத்துக்காக. படம் தெளிவாகத் தெரியக் கான்ட்ராஸ்டாகப் போடும் காடோலினியம் மருந்து கிட்னி வழியாக வெளியேறுவது, அதனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை முதலில் பார்ப்பது நியாயம்தான். ஆனால் அதை போனிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு அங்கே போன பிறகு ரத்தம் எடுத்து, ரிசல்ட் வரும் வரை உட்கார வைத்தார்கள், பசியில் முகம் வாடிப்போனது. கான்ட்ராஸ்டுக்குத் தனியாகப் பணம் என்பதும் பில் வந்த பிறகுதான் தெரிந்தது.

ரிப்போர்ட் மட்டும் அருமை. வலது கீழறையின் கொள்ளளவு உடல் பரப்புக்கு ஏற்ற கணக்கில், வால்வில் எத்தனை சதவீதம் பின்னால் கசிகிறது, வலது இடது நுரையீரலுக்கு ரத்தம் எப்படிப் பிரிகிறது, எல்லாம் எண்களாக இருந்தன. முன்பு வேறோர் இடத்தில் எடுத்தபோது "வலது கீழறை பெரிதாக உள்ளது" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார்கள், இதய டாக்டருக்கு அது எதற்கும் உதவவில்லை, ஏனென்றால் புது வால்வு எப்போது வைப்பது என்பதை இந்த எண்களையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் எந்த சென்டராக இருந்தாலும், கொள்ளளவும் ரத்த ஓட்டமும் எண்களில் வருமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். போன் எடுப்பவர் "எல்லாம் வரும்" என்று மட்டும் சொன்னால் ரேடியாலஜிஸ்டிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள், அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.