போர்த் கடற்கரை வீட்டில் ஏழு இரவுகள்: கடல் ஓதம் பார்த்து நாள் குறியுங்கள்

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில், கார்டிகன் விரிகுடாவை ஒட்டியுள்ள போர்த் என்ற சிற்றூரில், 2025 ஜூன் பள்ளி விடுமுறையின்போது சிங்கப்பூரிலிருந்து சென்று ஒரு வாடகை வீட்டில் ஏழு இரவுகள் தங்கினோம். நானும் கணவரும், பிள்ளைகள் இருவரும், எழுபதைக் கடந்த என் அம்மாவுமாக ஐந்து பேர். அந்த வீட்டை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வோர் அங்கே தங்க வேண்டாம்.

போர்த் ஒரே நீண்ட தெருவாக அமைந்த ஊர். கடல் பக்கத்து வீடுகளின் பின்கதவைத் திறந்தால் கூழாங்கல் மேடு, அதைத் தாண்டினால் மணல், பிறகு கடல். எங்களுக்குக் கிடைத்ததும் அப்படிப்பட்ட வீடுதான். சமையலறை தூய்மையாக இருந்தது. சிங்கப்பூரில் உள்ள அதே மூன்று முனைச் செருகிதான் பிரிட்டனிலும் என்பதால், கொண்டுபோன அரிசிக் குக்கரை அப்படியே பொருத்திச் சமைத்தோம். சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் வாங்கிய சாம்பார்ப் பொடி உடன் வந்தது. நெய்யை வீட்டிலேயே வைத்துவிட்டோம், ஏனெனில் இங்கிருந்து செல்லும் பயணிகள் பால்பொருள்களையும் இறைச்சியையும் எடுத்து வர அந்நாடு அனுமதிப்பதில்லை.

குறை மாடிப்படியில் இருந்தது. மூன்று படுக்கையறைகள், கடலைப் பார்த்த சன்னல் என்று விளம்பரம் சொன்னதே தவிர, படுக்கையறைகளும் குளியலறையும் மாடியில்தான் என்பதையோ, படிகள் ஏணியைப் போலச் செங்குத்தானவை என்பதையோ அது சொல்லவில்லை. அம்மா ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கால்களையும் ஒரே படியில் சேர்த்து வைத்த பிறகே அடுத்த படிக்கு இறங்கினார். கைப்பிடி ஒருபுறம் மட்டுமே இருந்தது. அதுவும் கடைசி மூன்று படிகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. முன்பதிவு நிறுவனத்துக்கு எழுதியபோது வருத்தம் தெரிவித்தார்கள், ஆனால் விளம்பரத்தைத் திருத்தவில்லை.

இதையெல்லாம் மீறி அந்த வாரத்தை நாங்கள் மறக்க முடியாததற்குக் காரணம் கடல். போர்த்துக்கும் அதன் வடக்கே மணல்மேடுகள் நிறைந்த அனிஸ்லாஸுக்கும் இடைப்பட்ட கரையில், கடல் நன்றாக வற்றும் வேளையில், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் மடிந்த காடு ஒன்றின் அடிமரங்கள் மணலிலிருந்து வெளிப்படும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்துக் கடல்நீர் (ஓதம்) மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும் என்பதால், எங்கள் சிங்கப்பூர் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கிய தமிழ் நாள்காட்டியைப் பார்த்தே நான் நாள் குறித்தேன்: ஜூன் 11 பௌர்ணமி, எனவே 7 சனி முதல் 14 சனி வரை. கோடையில் இத்தகைய வீடுகள் பலவற்றைச் சனிக்கு சனிதான் வாடகைக்கு விடுகிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை பிற்பகல் இறங்கிப் பார்த்தோம். பழம்புளியின் கருமையில் வேர்கள் நாற்புறமும் விரிந்தபடி அந்த மரங்கள் நின்றன. சிலவற்றில் பட்டைகூட உரியாமல் இருந்தது. கடல் புகாமல் காத்த மதகைக் காவலன் குடிமயக்கத்தில் மூடாமல் விட்டதால் ஒரு நாடே மூழ்கியது என்பது அவ்வூர்க் கதை. மூழ்கிய அந்நிலத்தின் பெயரைத் தமிழில் தாழ்நிலக் கூற்றம் (கூற்றம் என்பது பழைய நாட்டுப் பிரிவு) என்று சொல்லலாம். அம்மா அந்தக் கதையைக் கேட்டதும், காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். ஈர மணலில் நின்றபடியே அவர்கள் இருவரும் கேட்டார்கள்.

கோடையில் மணல் சேர்ந்து மரங்கள் பலவற்றை மூடிவிடும். குளிர்காலப் புயல்கள் அந்த மணலை அரித்த பிறகு அவை கூடுதலாகத் தெரியும். சமபகலிரவு நாள்களை ஒட்டி ஓதத்தின் ஏற்ற இறக்கமும் பெரிது. ஆகவே குளிரைத் தாங்கக்கூடியவர்களுக்கு நம் மார்ச் மாத ஒருவார விடுமுறையே பொருத்தமானது.

பயணத்தைப் பொறுத்தவரை கார் தேவையில்லை. பர்மிங்காமிலிருந்து ஷ்ரூஸ்பரி வழியாக அபெரிஸ்ட்வித் செல்லும் ரயில் போர்த்தில் நிற்கிறது. ஆனால் மக்கன்லெத் நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி வேறு கரைக்குப் போய்விடும் என்பதால், அபெரிஸ்ட்வித் பெட்டிகளில்தான் ஏறியிருக்கிறோமா என்று அறிவிப்பைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். 2025 ஜனவரி 8 முதல் சிங்கப்பூரர்களுக்கும் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். நாங்கள் ஆளுக்கு 16 பவுண்டு செலுத்தினோம்.

அடுத்த மார்ச்சுக்கு அதே தெருவில், தரைத்தளத்தில் படுக்கையறை உள்ள ஒரு வீட்டைக் கேட்டு எழுதியிருக்கிறேன். நான் கேட்ட முதல் கேள்வி, வாசலிலிருந்து அம்மாவின் கட்டில் வரை எத்தனை படிகள் என்பதுதான்.