நுவரெலியாப் பங்களா என்று 84,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

நேற்று முன்தினம் இரவுதான் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தோம். அம்மாவின் இருமல் இன்னும் அடங்கவில்லை, என் கோபமும் அடங்கவில்லை. விடுமுறைக்கு மலையேற நம் ஊரில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் ஆயத்தமாகிக்கொண்டிருப்பதால், ஆறும்வரை காத்திராமல் இப்போதே எழுதுகிறேன்.

ஓகஸ்டில் இங்கே வீசும் கச்சான் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பகலில் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிறது. "கண் மூடுவதற்குள் ஒரு தடவை நுவரெலியாக் குளிரில் நின்றுவிட்டு வர வேண்டும்" என்று அம்மா இரண்டு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 2023 இல், மலையகத் தமிழர் தோட்ட வேலைக்காக இலங்கைக்கு வந்து இருநூறு வருடமானதை நினைத்து, 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்துபோனதைச் செய்தியில் பார்த்ததிலிருந்து, மகளுக்கும் தோட்டத்து வாழ்க்கையை நேரில் பார்க்க ஆசை.

அப்போதுதான் விடுமுறை விடுதிகளை ஒழுங்குசெய்து தருகிற ஒரு சமூக ஊடகப் பக்கம் கண்ணில் பட்டது. தேயிலைக்கு நடுவே பழைய துரை பங்களா. எட்டுப் பேருக்கு இரண்டு இரவுகள், மூன்று வேளைச் சாப்பாடு. காலையில் கொழுந்து பறிப்பவர்களோடு மலைக்குப் போகலாம், சனிக்கிழமை இரவு முற்றத்தில் காமன் கூத்து பார்க்கலாம். எல்லாம் சேர்த்து 84,000 ரூபாய்.

பேசியவன் ஓர் இளைஞன். நல்ல மலையகத் தமிழ். "எங்கள் அம்மாவும் கொழுந்துதான் எடுக்கிறார், அக்கா" என்றான். நான் விலை கேட்க, அவன் அம்மாவின் வயதைக் கேட்டான். முழங்கால் வலி என்றதும், "அப்படியென்றால் மாடி வேண்டாம், அக்கா. கீழ் அறையில் கட்டில் போட்டுக் கம்பளியும் இரண்டு வைக்கச் சொல்கிறேன்" என்றான். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். பெற்ற தாயை நினைத்துப் பேசுகிற பிள்ளை ஏமாற்றுவானா என்று கணவரிடம் நானே வாதாடினேன். முற்பணமாக 42,000 அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, விடுமுறைக் காலமாதலால் முழுப் பணமும் கட்டினால்தான் அறை நிற்கும் என்றான். மீதி 42,000 ரூபாயும் போனது. வங்கிக் கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அதைப் பார்த்தும் கேட்காமல் விட்டேன்.

விடிகாலை நான்கு மணிக்கு வான் வண்டியில் புறப்பட்டோம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் கண்டதும் அம்மா வானை நிறுத்தச் சொல்லி இறங்கி, இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றார். பயணத்தில் மிஞ்சிய சந்தோஷம் அது ஒன்றுதான்.

அவன் அனுப்பிய வரைபடக் குறி எங்களை ஒரு பூட்டிய கேற்றடியில் கொண்டுபோய் விட்டது. படத்தில் பார்த்த அதே பங்களா. முன் ஜன்னலில் சிவப்புக் கண்ணாடி ஒன்று மூலையில் உடைந்திருந்தது, அதுகூட அப்படியே இருந்தது. தூறலில் காவல்காரர் ஐயா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "இது தோட்டத்துப் பங்களா, அம்மா. யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை. இந்த மாதம் இப்படி வந்து நிற்கிற மூன்றாவது வான் உங்களுடையது" என்றார். அப்போதுதான் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஒரு படமாவது உள்ளே எடுத்தது இல்லை. அத்தனையும் அந்தக் கேற்றுக்கு வெளியே நின்று எடுத்தவை.

காமன் கூத்தைப் பற்றிக் கேட்டபோது அந்த மனிதரின் முகம் மாறிவிட்டது. "காமன் மாசியில் அல்லவா, அம்மா? கம்பம் ஊன்றி, விரதம் இருந்து ஆடுவது. ஆவணியில் யார் ஆடுவார்கள்?" மன்மதன் எரிவதும் ரதி புலம்புவதும் அந்த மக்களுக்கு வழிபாடு. அதைச் சனிக்கிழமை வேடிக்கையாக்கி விற்றிருக்கிறான், நானும் வாங்கியிருக்கிறேன். தமிழ் ஆசிரியையான எனக்கு இது தெரியாமல் போனதை இன்னும் பொறுக்க முடியவில்லை.

அம்மா நடுங்குவதைப் பார்த்து, காவல்காரர் ஐயா எங்களைத் தன் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, கூட்டிப்போனார். பத்தடி அறை, அவர்கள் சொல்லில் காம்பரா. எட்டுப் பேரையும் உட்காரவைத்து, இஞ்சி தட்டிப்போட்டுப் பிளேன்டீயும் ரொட்டியும் தந்தார்கள். காசு கொடுத்தேன், வாங்கவே இல்லை. இவர்களின் பெயரைச் சொல்லித்தானே அவன் என்னிடம் 84,000 பறித்தான்! வயிறு எரிகிறது.

அங்கிருந்தே அழைத்தேன். முதலில், "மனேஜர் கூட்டத்தில் இருக்கிறார், அக்கா." ஒரு மணி நேரம் கழித்து, "வேறு பங்களா பார்க்கிறோம்." இரவு எட்டு மணிக்கு, "நீங்கள் பிந்தி வந்ததால் பதிவு ரத்தாகிவிட்டது." மறுநாள், "திங்கட்கிழமை வங்கி திறந்ததும் போடுகிறோம்." திங்கட்கிழமை என் இலக்கத்தையே தடைசெய்துவிட்டான். வங்கியில், நீங்களாக விரும்பி அனுப்பிய பணம் என்று கையை விரித்தார்கள். பொலிஸில், பணம் அனுப்பிய ஊரில் போய் முறையிடுங்கள் என்றார்கள். இங்கே வந்தால், ஏமாந்த இடத்தில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள். 84,000 ரூபாய் என்பது இரண்டு வருடச் சீட்டுப் பணம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றைச் சொல்கிறேன். தனி ஆளின் கணக்குக்கு முழுப் பணமும் அனுப்பாதீர்கள். வீடியோ அழைப்பில் அறையின் உள்ளே காட்டச் சொல்லுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த இடமா என்று கேளுங்கள். அங்கே தெரிந்தவர் ஒருவர் இருந்தால் முதலில் அவரை அனுப்பிப் பாருங்கள். பணம் அனுப்பிய துண்டையும் குரல் பதிவுகளையும் அழிக்காதீர்கள்.

இன்று காலை மகள் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். பக்கத்துக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள், "இரண்டே அறைகள் மீதம்" என்று அறிவித்திருக்கிறார்கள். கீழே அதே பங்களா, அதே ஜன்னல், மூலை உடைந்த அதே சிவப்புக் கண்ணாடி.