கிங்ஸ் ஸ்கிரீனிங்குக்கு சீசன் பாஸ் விற்கிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மும்பையில் என்பிஏ (அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்) ஆட்டங்கள் பார்க்கிற நம் ஆட்களுக்கு, முக்கியமாக மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். அக்டோபர் நெருங்குகிறது. சாக்ரமெண்டோ கிங்ஸ் டீமின் ஆட்டங்களைக் கடையில் பெரிய திரையில் பார்க்க, சீசன் முழுவதற்கும் ஸ்கிரீனிங் பாஸ் என்ற விளம்பரம் வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டது. போன சீசனில் எங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் கதவைச் சாத்திய அதே ஆள்தான் இப்போது வேறு பெயரில், காட்கோபர் பக்கம் புது இடத்தில், அதே பாஸை விற்கிறார். விளம்பரத்தில் இருக்கும் போன் நம்பர்கூட மாறவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2024 செப்டம்பரில் எங்களுக்கு வந்த அழைப்பு இது. மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கேஃபே. சனி, ஞாயிறு காலைகளில் சாக்ரமெண்டோ கிங்ஸ் ஆடும் ஆட்டங்களைப் பெரிய திரையில் நேரலையாகக் காட்டுவார்கள். ஆளுக்கு 6,000 ரூபாய். காலைப் பலகாரமும் காபியும் அதிலேயே அடக்கம். ஒரிஜினல் ஜெர்சி ஒன்றும் உண்டு. பிளே-இன் (பிளே-ஆஃபுக்குள் நுழைவதற்கான ஆட்டம்), பிளே-ஆஃப் (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள்) வரை போனால் கிழமை பார்க்காமல் எல்லா ஆட்டமும் காட்டப்படும். "சீசன் முழுக்க" என்று போஸ்டரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

நேரமும் தோதாகத்தான் இருந்தது. சாக்ரமெண்டோவில் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்கால மாதங்களில் நமக்கு ஞாயிறு காலை எட்டரை. அக்டோபரிலும் மார்ச்சுக்குப் பிறகும் ஏழரை. வார நாட்களில் அந்த நேரத்துக்கு நாம் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டிருப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் லேப்டாப்பைத் திறந்துவைத்துத் தனியாகக் கத்திக்கொண்டிருந்தவர்கள், இருபது முப்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து கத்த ஓர் இடம் கிடைக்கிறது என்றதும் பணம் கட்டினோம். இந்தியன் ஜிம்கானாவில் சேர்ந்து ஆடியவர்கள், கல்லூரிப் பையன்கள், மகளைக் கூட்டிவந்த ஒரு வங்கி ஊழியர் என்று பல பேர்.

மும்பைத் தமிழர்களுக்கும் சாக்ரமெண்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். இந்த டீமை 2013-ல் வாங்கிய குழுவின் தலைவர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். அப்போது டீம் சியாட்டிலுக்குப் போய்விடும் நிலையில் இருந்தது. அதைத் தடுத்து அதே ஊரில் நிறுத்தினார். 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் வொர்லியில் உள்ள என்எஸ்சிஐ அரங்கில் கிங்ஸும் இந்தியானா பேசர்ஸும் ஆடின. இந்தியாவில் நடந்த முதல் என்பிஏ ஆட்டங்கள் அவை. முதல் நாள் கூடுதல் நேரம் வரை போய் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம், 132-131. மறுநாள் 130-106. இரண்டுமே தோல்விதான். ஆனாலும் நம் ஊர் மண்ணில் வந்து ஆடிய டீம் என்ற பாசம் எங்களில் நிறைய பேருக்கு அன்றைக்கு ஒட்டியது, இன்றுவரை போகவில்லை.

அந்தப் பாசத்துக்குக் கிடைத்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் கணக்குப் போட்டது அதை வைத்துத்தான். 2006-க்குப் பிறகு 16 சீசன்கள் தொடர்ந்து இந்த டீம் பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. 2018 டிராஃப்ட்டில் (புது ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசைப்படி எடுக்கும் தேர்வு) இரண்டாவது இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மார்வின் பாக்லியை எடுத்தார்கள். அடுத்த இடத்தில் போனவர் லூகா டோன்சிச், பின்னால் பெரிய நட்சத்திரம் ஆனவர். 2022 பிப்ரவரியில் டைரீஸ் ஹாலிபர்ட்டனை இந்தியானாவுக்குக் கொடுத்து டொமன்டாஸ் சபோனிஸை வாங்கினார்கள். இதைப் பலரும் திட்டுவார்கள், நான் முழுசாகத் திட்ட மாட்டேன். சபோனிஸ் வந்ததால்தான் 2023-ல் 48 ஆட்டங்களில் ஜெயித்து அந்த வறட்சி தீர்ந்தது. கோல்டன் ஸ்டேட்டிடம் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றோம், ஆனால் அது நிமிர்ந்து நின்று தோற்ற தோல்வி. கோபம் அதற்கு அப்புறம் வந்ததில்தான். அந்தச் சீசனை அஸ்திவாரமாக வைத்து ஒன்றும் கட்டவில்லை. அடுத்த வருடம் 46 வெற்றி, பிளே-இன்னில் நியூ ஆர்லியன்ஸிடம் தோற்று வெளியே. அதற்கு அடுத்த வருடம், அதாவது நாங்கள் பாஸ் வாங்கிய சீசனில், 40 வெற்றி, 42 தோல்வி.

இந்த நடுவாந்தரம்தான் ரசிகனைக் கொல்கிறது. படுமோசமாக ஆடினால், டிராஃப்ட் வரிசையின் முதல் இடங்களைக் குலுக்கலில் முடிவுசெய்யும் லாட்டரியில் நல்ல வாய்ப்பாவது கிடைக்கும். 2025 லாட்டரியில் முதல் இடத்துக்குக் கடைசி மூன்று டீம்களுக்கும் தலா 14 சதவீதம் இருந்தது. நன்றாக ஆடினால் பிளே-ஆஃப். நடுவில் நிற்பவனுக்கு இரண்டும் இல்லை. 2025-ல் எங்களுக்கு அதைவிடக் கொடுமை நடந்தது. 2022-ல் கெவின் ஹர்ட்டரை வாங்கியபோது டிராஃப்ட்டில் ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையை அட்லாண்டாவுக்குக் கொடுத்திருந்தார்கள். 2025-ல் அது முதல் 12 இடங்களுக்குள் வந்தால் நமக்கே, தாண்டினால் அவர்களுக்கு. வந்தது 13. பிளே-இன்னில் எங்களைத் தோற்கடித்த டாலஸ், அடுத்த ஆட்டத்தில் மெம்ஃபிஸிடம் தோற்று லாட்டரிக்குள் போய், 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் இடத்தையே அள்ளிக்கொண்டு போனது.

சரி, கேஃபேக்கு வருகிறேன். அக்டோபரிலும் நவம்பரிலும் சொன்னபடி நடந்தது. நட்சத்திர ஆட்டக்காரர் டிமார் டிரோசன் புதிதாக வந்திருந்தார், எல்லாருக்கும் நம்பிக்கை, இடம் நிரம்பியிருந்தது. டிசம்பரில் டீம் வரிசையாகத் தோற்றது. தொடர்ந்து ஐந்து தோல்விகளுக்குப் பிறகு, 13 வெற்றி, 18 தோல்வி என்ற நிலையில் டிசம்பர் 27 அன்று கோச் மைக் பிரவுனை நீக்கினார்கள். 2023-ல் எல்லா வாக்குகளையும் பெற்று ஆண்டின் சிறந்த கோச் ஆனவர் அவர். முந்தைய கோடையில்தான் ஒப்பந்தத்தையும் நீட்டித்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் சோர்ந்துபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் குறைந்தார்கள். அதுவரை ஏழு மணிக்கே திறந்த கடை ஆட்டம் தொடங்கிய பிறகு திறந்தது. இட்லி வடை போய் பிஸ்கட் வந்தது. ஜனவரியில் ஒரு ஞாயிறு திரையில் படமே வரவில்லை. அப்போதுதான் தெரிந்தது, தனிப்பட்ட ஒருவர் வீட்டில் பார்ப்பதற்கான லீக் பாஸ் (என்பிஏயின் கட்டண இணைய ஒளிபரப்பு) கணக்கை வைத்துத்தான் அத்தனை பேருக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கைக் கடையில் காட்டி வியாபாரம் செய்ய அனுமதி கிடையாது. எங்களிடம் 6,000 வாங்கும்போது முறையான அனுமதியோடு காட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் டீமின் முக்கிய ஆட்டக்காரர் டீஆரன் ஃபாக்ஸை சான் அன்டோனியோவுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று டீம்கள் சேர்ந்த அந்த ட்ரேடில் நமக்கு வந்தவர் ஸாக் லவீன். அதற்குச் சில நாட்கள் கழித்து, அக்டோபரிலேயே தர வேண்டிய ஜெர்சி வந்தது. எல்லாருக்கும் ஃபாக்ஸ் பெயர், 5-ஆம் எண். டீமை விட்டுப் போன ஆட்டக்காரரின் ஜெர்சியை எங்கிருந்தோ மலிவாக வாங்கித் தள்ளிவிட்டார்கள். ஒரிஜினலும் இல்லை. எழுத்துகள் ஒட்டுப்போட்டவை, ஒரு துவைப்பில் ஓரம் பிய்ந்தது, உள்ளே லேபிளே இல்லை.

அந்த மாதமே ஞாயிறு காலைகளில் கடை பூட்டியே கிடந்தது. ஒருநாள் மதியம் நாங்கள் சிலர் போய்க் கேட்டோம். மேனேஜரும் நம் ஊர்க்காரர்தான், திருநெல்வேலிப் பக்கம்.

"அண்ணாச்சி, போஸ்டர்ல சீசன் முழுக்கன்னு போட்டிருக்கீங்க. இன்னும் ரெண்டு மாசம் இருக்கே" என்றேன்.

"டீமு தோத்துக்கிட்டே இருக்கு தம்பி. வர்றதே நாலு பேரு. நாலு பேருக்காக எப்படிக் காலைல கடையத் திறக்க?"

"பணம் எல்லாரும்தானே கட்டியிருக்கோம்?"

"மார்ச்சுல ஐபிஎல் வருது. அந்தப் பாஸ வச்சே அதைப் பாத்துக்கிடுங்க. பணமெல்லாம் திருப்பித் தர வழி இல்ல."

இந்த ஊரில் தமிழ் பேசுகிற முகம் என்றாலே கொஞ்சம் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையை வைத்தே பணம் வாங்கியவர், கேட்கப் போனவர்களிடம் இப்படிப் பேசியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவருடைய கணக்கு அப்போதுதான் புரிந்தது. இது திடீரென்று நஷ்டம் வந்து கைவிட்ட வேலை இல்லை. சுமாரான டீமின் ரசிகர்கள் அக்டோபரில் ஆசையோடு பணம் கட்டுவார்கள், ஜனவரியில் மனம் விட்டுப்போய் வராமல் இருப்பார்கள், வராதவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். செலவு மூன்று மாதத்துக்கு, வசூல் ஏழு மாதத்துக்கு. பெரிய ரசிகர் கூட்டம் உள்ள லேக்கர்ஸ் டீமின் ரசிகர்களிடம் இதைச் செய்திருக்க முடியாது. செய்திருந்தால் வாசலில் கூட்டம் நின்றிருக்கும். எங்கள் டீம் தோற்கும் என்பதை முதலீடாக வைத்தார்கள். அதனால்தான் இதை வெறும் மோசமான சேவை என்று விட எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 16 அன்று டாலஸுடன் பிளே-இன், சொந்த அரங்கில். நமக்கு 17-ஆம் தேதி வியாழக்கிழமை காலை. பிளே-இன் உண்டு என்று போஸ்டரிலேயே இருந்ததால் பலர் ஆபீஸில் அரை நாள் லீவ் சொல்லிவிட்டு வந்தார்கள். ஷட்டர் இறங்கியிருந்தது, போன் எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டடப் படியில் உட்கார்ந்து ஒருவரின் போனில் பார்த்தோம். 120-106, தோல்வி. அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் அட்மின் பழைய போஸ்டர்களை அழிக்கத் தொடங்கினார்.

இனி பணம் கட்டப் போகிறவர்களுக்கு. முழு சீசனுக்கும் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆட்டத்துக்கு ஆட்டம், அதிகம் போனால் மாதத்துக்கு மாதம் கொடுங்கள். யுபிஐயில் பணம் போகும் பெயர் கடையின் பெயரா, தனி ஆளின் பெயரா என்று திரையில் பாருங்கள். எங்கள் பணம் போனது தனி ஆளின் கணக்குக்கு. பில் கேளுங்கள், தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பொது இடத்தில் காட்ட அனுமதி எங்கே வாங்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஜெர்சி தனியாக வேண்டுமென்றால் தனியாக வாங்குங்கள், பாஸோடு சேர்த்து வேண்டாம்.

போன சீசனில் என்னோடு பணம் கட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தாயிற்று. கடையிலிருந்து பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, நாம் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். ஒரே பாதிப்பு உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். யுபிஐ விவரம், போஸ்டர் படம், ஜெர்சியின் போட்டோ இருந்தால் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் குழுவின் உரையாடலை இன்றைக்கே எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள், இன்னும் அழிக்கப்படாமல் இருப்பதாவது மிஞ்சும். பெயர் கொடுக்க விருப்பம் உள்ளவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். காட்கோபரில் புது பாஸுக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் எழுதுங்கள். சீசன் தொடங்கும் முன்பே திருப்பிக் கேட்டால் உங்களுக்காவது கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.