புல்லு வெட்டுற மெஷின்: பெட்ரோலா, பேட்டரியா, கையால தள்றதா? மெயின்டெனன்ஸ்ல எது தலைவலி?

வாங்குறப்போ பவர் எவ்ளோ, எவ்ளோ அகலத்துக்கு வெட்டும்னு தான் எல்லாரும் பாக்குறாங்க, வாங்குனதுக்கு அப்புறம் வருஷம் பூரா அதுக்கு என்னென்ன செய்யணும்னு யாரும் கேக்குறதில்ல. அந்த ஒரு கணக்குல மட்டும் மூணையும் பாப்போம்.

பெட்ரோல்ல வேலை ஜாஸ்தி தான், ஒத்துக்கணும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்னா பெரும்பாலும் புதுசுல முதல் 5 மணி நேரம் ஓடுனதும் ஆயில் மாத்தச் சொல்லுவாங்க, அப்புறம் 50 மணி நேரத்துக்கு ஒருக்கா இல்லன்னா வருஷத்துக்கு ஒருக்கா. தள்ளிட்டுப் போற சைஸ் மெஷின்ல அரை லிட்டர் கிட்ட தான் பிடிக்கும், கார்ல மாதிரி திருகி மாட்டுற ஆயில் ஃபில்டர் (ஸ்பின் ஆன்) எல்லாம் இருக்காது, அதனால சீக்கிரம் முடிஞ்சிடும். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சுன்னா சோப்புத் தண்ணில அலசி நல்லா காய வச்சு மாட்டலாம், பேப்பர்னா தண்ணியே காட்டக்கூடாது, லேசா தட்டுங்க, கருத்துப்போயிருந்தா புதுசு போடுங்க. ஸ்பார்க் பிளக் நுனில தீப்பொறி தாவுற இடைவெளி (கேப்) பொதுவா 0.7-0.8 மில்லிமீட்டர்.

இதெல்லாம் கூட பெரிய விஷயம் இல்லங்க. பெட்ரோல் மெஷின் ஓடிக் கெடுறத விட சும்மா நின்னு கெடுறது தான் அதிகம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்த இழுக்கும், ஒரு மாசம் தாண்டுனாலே பழசாக ஆரம்பிச்சிடும், லேசான பகுதி ஆவியாகிப் போயி மிச்சம் பிசினா, பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டரோட ஜெட்ங்கிற ஓட்டையில ஒட்டிக்கும், அந்த ஓட்டையே ரொம்பச் சின்னது, அடைச்சிடுச்சுன்னா கயித்த இழுத்து இழுத்து தோள்பட்டை தான் போகும். ரொம்ப நாள் ஓட்டப்போறதில்லன்னா டேங்க்க காலி பண்ணி, தானா நிக்கிற வரைக்கும் ஓட்டிடுங்க, இல்லன்னா பெட்ரோல் சீக்கிரம் கெடாம வைக்கிற ஸ்டெபிலைசர் ஊத்தி கொஞ்ச நேரம் ஓட்டணும், அப்ப தான் அது கார்புரேட்டர் வரைக்கும் போகும். டூ ஸ்ட்ரோக்னா ஆயில் மாத்துற வேலையே இல்ல, ஆனா ஒவ்வொரு தடவையும் பெட்ரோல்ல ஆயில மேனுவல்ல போட்ட அளவுல கலந்து ஊத்தணும், கலக்க மறந்தா பிஸ்டன் ஜாம்.

பேட்டரில பிளக், ஆயில், கார்புரேட்டர் எதுவும் கிடையாது, ஓட்டி முடிச்சதும் அடில ஒட்டுன புல்ல சுரண்டி எடுத்தா போதும். தண்ணிய பீச்சிக் கழுவாதீங்க. கவனிக்க வேண்டியது பேட்டரி பேக்க மட்டும் தான்: மாசக்கணக்கா வைக்கிறப்போ ஃபுல் சார்ஜும் வேணாம், காலியாவும் வேணாம், பாதி சார்ஜ்ல வெயில் படாத இடத்துல வைங்க, ஓட்டுன சூடு ஆறுன பிறகு சார்ஜ் போடுங்க. மெயின்டெனன்ஸே கிடையாதுன்னு சொல்லி விக்கிறது தான் எனக்குப் பிடிக்கல. கார்புரேட்டர கழட்டி சுத்தம் பண்ணிடலாம், லித்தியம் பேக் ஆயுசு முடிஞ்சா புதுசு தான், அதுவே இதுல காஸ்ட்லியான பார்ட். பெட்ரோல்ல கொஞ்சம் கொஞ்சமா செலவழிக்கிறத இங்க கடைசில மொத்தமா கட்டுறோம், அவ்ளோ தான்.

கையால தள்ற ரீல் மெஷின் 1830ல இங்கிலாந்துல எட்வின் பட்டிங் கண்டுபிடிச்சது, அடிப்படை இன்னைக்கும் அதே தான், சுத்துற பிளேடும் அசையாத அடித்தகடும் சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பேப்பர விட்டு கையால சுத்திப் பாருங்க, ஒரு முனையில வெட்டி இன்னொரு முனையில மடக்குச்சுன்னா ஸ்க்ரூவ துளித்துளியா திருப்பி சரி பண்ணணும். மழுங்குனா கிரைண்டிங் பேஸ்ட் தடவி பின்பக்கமா சுத்தணும், பொறுமை வேணும். துரு ஏறாம எண்ணெய் துடைச்சு வச்சா வருஷக்கணக்கா வரும், ஆனா புல்லு உயரமா வளந்துட்டா வெட்டாது, சாய்ச்சுட்டுப் போயிடும், அதனால சோம்பேறிங்களுக்கு இது ஆகாது.

பெட்ரோல், பேட்டரி ரெண்டுலயும் பிளேடு கதை ஒண்ணு தான். சுமார் 25 மணி நேரத்துக்கு ஒருக்கா சாணை பிடிக்கணும், மழுங்குன பிளேடு புல்ல வெட்டாம கிழிக்கும், நுனி பழுப்பாயிடும். தீட்டுனதும் நடு ஓட்டைய ஒரு ஆணில மாட்டிப் பாருங்க, ஒரு பக்கம் இறங்குச்சுன்னா அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்கணும், இல்லன்னா அதிர்வுல பேரிங் போயிடும். கை வைக்கிறதுக்கு முன்னாடி பெட்ரோல்ல பிளக் வயர பிடுங்கிடுங்க, பேட்டரில பேக்க கழட்டிடுங்க, இதுல மட்டும் அலட்சியம் வேணாம். பெட்ரோல் மெஷின சாய்க்கிறப்போ ஏர் ஃபில்டர் மேல் பக்கமா இருக்கணும், தப்பா சாய்ச்சா ஆயில் அதுல இறங்கிடும்.

என்னக் கேட்டா சின்ன தரைக்கு ரீல், நடுத்தரத்துக்கு பேட்டரி, பெரிய இடம் இருந்து விடாம ஓட்டுறவங்களுக்கு மட்டும் பெட்ரோல். ஏற்கனவே பெட்ரோல் வச்சிருந்து ஸ்டார்ட் ஆகலன்னு மாத்த நெனைக்கிறவங்க, கடைக்குப் போறதுக்கு முன்னாடி டேங்க்ல கெடக்குற பழைய பெட்ரோல எடுத்துட்டு புதுசு ஊத்தி ஒரு தடவை இழுத்துப் பாருங்க.